தலையணைக்கு அடியில் ஒரு நெருப்பு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறேன்.

 

சில மாதங்களுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறும் வேளையில், ஒரு மாணவர் என்னைத் தேடி வந்தார். பதின்மூன்று வயதுவரை எங்கள் மக்தபில் குர்ஆன் ஓதியவர்; இப்போது பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறார். கையில் கருகிய துண்டுத் துணி ஒன்றை வைத்திருந்தார். அது அவருடைய படுக்கை விரிப்பின் ஒரு பகுதி. முந்தைய இரவு வேப் எனப்படும் மின்புகைக் கருவியைத் தலையணைக்கு அடியில் மறைத்து, சார்ஜரில் போட்டுவிட்டு உறங்கியிருக்கிறார். தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்த அவருடைய தாயாருக்கு ஏதோ கருகும் வாடை எட்டியது. ஓடி வந்து பார்த்தபோது மெத்தை புகைந்துகொண்டிருந்தது. அதே கட்டிலில், ஒரு முழ தூரத்தில், எட்டு வயதுத் தம்பி உறங்கிக்கொண்டிருந்தான்.

அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் காயமில்லை. அந்தத் தாயாரின் இரவுத் தொழுகை அவ்வீட்டைக் காத்தது.

ஆனால் அந்த மாணவர் என்னிடம் கேட்ட கேள்விதான் என்னைத் திகைக்க வைத்தது. "ஹஜ்ரத், மட்டமான பேட்டரி என்பதால்தான் இப்படி ஆகிவிட்டதென்று நண்பர்கள் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எந்தக் கருவியை வாங்க வேண்டும், எந்த பேட்டரி சூடாகாது என்று தெரிந்த கடைக்காரர் யாரிடமாவது கேட்டுச் சொல்வீர்களா?" என்றார். அதில் கேலியில்லை. உண்மையிலேயே அதுதான் தம் பிரச்சினை என்று நம்பியிருந்தார்.

அக்குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அடையாளங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன். அவருக்கு அன்றிரவு நான் சொன்ன பதிலும், அதன்பின் நான் கற்றுக்கொண்டவையும் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை என்று கருதுகிறேன்.

இக்கருவி என்ன?

நம்மில் பல பெற்றோர் இதைப் பார்த்தாலும் அடையாளம் காண மாட்டார்கள். சில, பேனாவைப் போலிருக்கும். சில, பென் டிரைவைப் போலிருக்கும். சில, வண்ண வண்ணச் சிறு பெட்டிகளாக இருக்கும். உள்ளே இருப்பவை நான்கே பொருட்கள்: ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு மெல்லிய கம்பிச் சுருள், அதைச் சுற்றிய பஞ்சு, பஞ்சில் ஊறும் திரவம். பேட்டரி கம்பியைச் சூடாக்க, திரவம் ஆவியாகிறது, அதை உள்ளிழுக்கிறார்கள். அத்திரவத்தில் பெரும்பாலும் நிகோட்டின் இருக்கும். புகையிலையின் நாற்றத்துக்குப் பதிலாக மாம்பழம், புதினா, ஸ்ட்ராபெர்ரி வாசனை வரும். பையில் இனம் தெரியாத இனிப்பு வாசனை, சிறு பிளாஸ்டிக் குப்பிகள், காரணமற்ற வறண்ட இருமல், அடிக்கடி தாகம் ஆகியவை கவனத்துக்குரிய அறிகுறிகள். எனினும் இவற்றை மட்டும் கொண்டு எந்தப் பிள்ளையையும் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தீய எண்ணம் கொள்வதும் பாவமே.

இன்று புழக்கத்தில் உள்ள வடிவில் இதை 2003ஆம் ஆண்டு சீனாவின் மருந்தியலாளர் ஹான் லிக் உருவாக்கினார். சிகரெட்டை விடுவதற்கான வழியாகவே அது முன்வைக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள், சிகரெட்டையே தொட்டிராத பிள்ளைகளின் கைகளுக்கு அது வந்து சேர்ந்துவிட்டது. சத்தி சாலையின் இருபுறமும் கல்லூரிகளும் ஐ.டி. நிறுவனங்களும் விடுதிகளும் நிறைந்திருக்கும் நம் சரவணம்பட்டியில், வெளியூரிலிருந்து வந்து தங்கும் இளைஞர்களும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒன்றாகவே பழகுகிறார்கள். இதில் ஊரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. நம் வாசலுக்கு வந்துவிட்ட ஒன்றை அறியாதிருப்பது மட்டுமே குறை.

மூன்று கேள்விகள்

அன்றிரவு அந்த மாணவரோடு பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கேள்விகள் அவரிடமிருந்து வந்தன.

முதல் கேள்வி: "இதில் புகையிலையே இல்லையே ஹஜ்ரத், இது எப்படி ஹராமாகும்?"

புகையிலை நம் சமூகங்களுக்குள் வந்தது ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டிய காலத்தில். அன்றைய ஃபிக்ஹ் அறிஞர்களிடம் ஆகுமானது, மக்ரூஹ், ஹராம் என மூவகைக் கருத்துகளும் இருந்தன. அதன் தீங்கு மருத்துவத்தால் திட்டவட்டமாக நிறுவப்படாத காலம் அது. இன்று அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஷரீஅத் காக்க வந்த ஐந்து பொருட்களாக மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகியவற்றை இமாம்கள் வரிசைப்படுத்தினார்கள். நிகோட்டின் அடிமைப்படுத்துவது, வளரும் பருவத்து மூளையின் கவனத்தையும் கற்றலையும் பாதிப்பது. உயிர், அறிவு, செல்வம் என்ற மூன்றையும் அது ஒருசேரத் தொடுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனம் மனிதன் தன்னைத் தானே அழிவில் தள்ளிக்கொள்வதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டது அழிவு, அது எந்த இலையிலிருந்து வருகிறது, எந்தத் திரவத்திலிருந்து வருகிறது என்பதில் வேறுபாடில்லை.

"நிகோட்டின் இல்லாத திரவமும் உண்டே" என்பார்கள். அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு வேப் பயன்படுத்தியோரிடையே கடும் நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் கண்டது, பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்டிருந்த வைட்டமின் இ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருள். குப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதும், உள்ளே என்ன இருக்கிறது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. கள்ளத்தனமாக வாங்கும் பொருளுக்கு யார் பொறுப்பேற்பார்?

இதையொட்டி ஒரு மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன். ரமலானில் சில இளைஞர்கள், "இது வெறும் ஆவிதானே, நோன்பு முறியாது" என்று எண்ணுகிறார்கள். வேண்டுமென்றே உள்ளிழுக்கப்படும் புகையும் இத்தகைய ஆவியும் நோன்பை முறிக்கும் என்பதே சமகால அறிஞர்களின் பரவலான தீர்ப்பு. நோன்பு நோற்றும் நோன்பை இழந்தவர்களாக எவரும் ஆகிவிட வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: "வெளிநாட்டில் அரசாங்கமே கொடுக்கிறதாமே?"

இதில் உண்மையுண்டு. பிரிட்டனில் பல ஆண்டுகள் சிகரெட் புகைத்த பெரியவர்கள் அதை விடுவதற்குத் துணையாக இக்கருவி வழங்கப்படுகிறது. ஆனால் அங்கே நிகோட்டின் அளவுக்கும் திரவத்தின் கொள்ளளவுக்கும் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் அந்நாடே தடை செய்துவிட்டது. நெடுநாள் புகைத்தவருக்கான ஊன்றுகோலை, நடக்கத் தெரிந்த பிள்ளையின் கையில் கொடுப்பது அறிவுடைமையாகாது.

நம் நாட்டின் நிலை வேறு. தமிழக அரசு 2018ஆம் ஆண்டிலேயே மின்சிகரெட்டுகளைத் தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசின் அவசரச் சட்டமும், அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் குற்றம். முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் பொருந்தும். நண்பர்களுக்காக நான்கு வாங்கி ஆளுக்கொன்றாகக் காசு பெற்றுக் கொடுக்கும் மாணவர், தாம் ஓர் உதவி செய்வதாகவே நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அது விற்பனை.

சிங்கப்பூரில் உறவினர் உள்ள குடும்பங்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் இக்கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து கலந்த வேப்கள் பரவியதால், 2025 செப்டம்பர் 1 முதல் அம்மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். ஒரு சிறு கருவியால் பயணமும் பணியும் பறிபோகலாம்.

மூன்றாம் கேள்விதான் அவர் முதலில் கேட்டது: "எந்த பேட்டரி சூடாகாது?"

இதற்குப் பதில் சொல்ல நான் படிக்க வேண்டியிருந்தது. லித்தியம் பேட்டரிக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் மிக மெல்லிய ஒரு படலத்தால் பிரிக்கப்பட்டுள்ளன. சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். கீழே விழுவதாலோ, நசுங்குவதாலோ, அளவுக்கு மீறி மின்னேற்றுவதாலோ, கடும் வெயிலாலோ அப்படலம் சிதைந்தால் இரு முனைகளும் உள்ளுக்குள் தொட்டுக்கொள்கின்றன. வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பமே மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கிறது. சில நொடிகளில் புகை, பின் தீ. நல்ல தயாரிப்புகளில் இதைத் தடுக்கும் காப்புச் சுற்று இருக்கும். கள்ளச் சந்தையின் மலிவுக் கருவியில் அது உண்டா என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அமெரிக்காவில் இக்கருவி முகத்தருகே வெடித்து உயிர்ப்பலி நேர்ந்ததும் உண்டு.

ஆகவே அவரிடம் சொன்னேன்: "தம்பி, சட்டப்படி விற்க முடியாத பொருளுக்குத் தரச்சான்று கிடையாது. பாதுகாப்பான வேப் எதுவென்று கேட்டால், தொடங்காத வேப் ஒன்றுதான். தொடங்கிவிட்டவருக்கு, இன்றிரவு கைவிடும் வேப்."

ஒளிப்பதால் வளரும் ஆபத்து

இங்கே ஒரு நுட்பத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மெத்தை, தலையணை, துணி அலமாரி, ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி ஆகியவை பேட்டரிக்கு மிக ஆபத்தான இடங்கள். வெப்பம் வெளியேற வழியில்லாதவை. பிள்ளைகள் இக்கருவியை ஒளித்து வைப்பதும் சரியாக அதே இடங்களில்தான். எல்லோரும் உறங்கிய பிறகு, போர்வைக்குள், கைக்குக் கிடைத்த போன் சார்ஜரில் மின்னேற்றுகிறார்கள். மெத்தையைக் கருக்கியதில் பேட்டரிக்கு ஒரு பங்கென்றால், அச்சத்துக்கும் ஒரு பங்குண்டு.

இதை எழுதும்போது என் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவரின் சட்டைப் பையில் சிகரெட்டைக் கண்டேன். நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் அவரை நிறுத்தி வைத்துக் கண்டித்தேன். அவருடைய அத்தாவை வரவழைத்து அவர் முன்னும் கண்டித்தேன். மார்க்கப் பற்றின் வெளிப்பாடென்று அன்று நினைத்தேன். அம்மாணவர் மறுநாள் மதரஸாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இன்றுவரை நான் ஸலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். சிகரெட்டை அவர் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. மதரஸாவை விட்டார் என்பது தெரியும்.

ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து விபச்சாரத்துக்கே அனுமதி கேட்ட நிகழ்வு முஸ்னத் அஹ்மதில் உள்ளது. சுற்றியிருந்தோர் அதட்டினார்கள். நபியவர்களோ அவரை அருகில் அமர்த்தி, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று அவரையே சிந்திக்க வைத்து, இறுதியில் அவர் மீது கைவைத்து துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் அப்பாவத்தின் பக்கம் திரும்பவில்லை. வேப் பற்றிக் கேட்டு வந்த பிள்ளையிடம் நம் கோபம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

உறங்கும் முன் அணைக்கும் சுன்னத்

மதீனாவில் ஒரு வீடு இரவில் அதிலிருந்தோருடன் தீப்பற்றிய செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. நெருப்பு மனிதனுக்குப் பகை என்றும், உறங்கச் செல்லும்போது அதை அணைத்துவிட வேண்டுமென்றும் அவர்கள் அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் புகாரியில் உண்டு. எண்ணெய் விளக்கு நம் வீடுகளில் இல்லாததால் இந்த ஹதீஸ் பழைய காலத்துக்குரியதென்று நான் பாடம் நடத்திய நாட்களும் உண்டு. அந்தக் கருகிய துணியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்தார்கள். அவர்கள் எந்தத் தவறான பொருளையும் பயன்படுத்தவில்லை. போன், பவர் பேங்க், ஸ்கூட்டர், விளையாட்டுப் பொம்மை என லித்தியம் பேட்டரி எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆகவே இவற்றை ஒவ்வொரு குடும்பமும் வழக்கமாக்கிக்கொள்ளட்டும்:

எந்த பேட்டரியையும் உறங்கும்போது சார்ஜரில் விடாதீர்கள். வித்ருத் தொழுகைக்குப் பின் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, சுவிட்சுகளை அணைத்துவிட்டுப் படுங்கள்.

மெத்தை, சோபா, திரைச்சீலை அருகில் வேண்டாம். தரை அல்லது மேசை போதும். மின்சார ஸ்கூட்டரை வெளியேறும் வாசலை மறித்து நிறுத்திச் சார்ஜ் போடாதீர்கள்.

அந்தந்தக் கருவிக்குரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

உப்பிய, நசுங்கிய, நனைந்த, மேலுறை கிழிந்த பேட்டரியை மீண்டும் பயன்படுத்த வேண்டாம். 18650 எனப்படும் உருளை பேட்டரியைத் தனியே சட்டைப் பையில் போட்டால், சாவியோ நாணயமோ இரு முனைகளையும் தொட்டுத் தீப்பொறி எழலாம்.

பங்குனி, சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பவர் பேங்கை விட்டுச் செல்லாதீர்கள்.

உம்ரா செல்வோர் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வைக்க வேண்டும். விமானத்தின் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது.

புகை கிளம்பினால் முதலில் மனிதர்களை வெளியேற்றுங்கள், அப்புகை நச்சு. இயலுமானால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள்.

வீட்டில் வேப் கிடைத்தால் அதை அடுப்பிலோ குப்பையிலோ எறியாதீர்கள், எரித்தால் வெடிக்கும். சார்ஜ் போடாமல், தீப்பற்றாத இடத்தில் தனியே வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். கழற்ற முடிந்த பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். திரவக் குப்பி சிறு குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது. நிகோட்டின் திரவத்தை விழுங்குவது குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

பெரியவர்களுக்கு ஒரு சொல்

அந்த மாணவர் விடைபெறும் முன் ஒன்று சொன்னார்: "எங்கள் தெருவில் பெரியவர்கள் தொழுதுவிட்டு வந்து பீடி பிடிக்கிறார்கள் ஹஜ்ரத். அவர்களை யாரும் கேட்பதில்லை." எனக்குப் பதில் இல்லை. நம் சகோதரர்களின் கடைகள் சிலவற்றில் சிகரெட்டும் பான் மசாலாவும் தொங்குகின்றன. அவற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் வேப்பை மட்டும் பாவமென்று பயான் செய்தால், அது அவர்கள் உள்ளத்தில் இறங்காது. ஜும்ஆ மேடைகளில் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டுமென்று இமாம்களையும் ஜமாஅத் நிர்வாகிகளையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு மருத்துவரையும் தீயணைப்புத் துறை அலுவலரையும் மதரஸாவுக்கு அழைப்பது நம் சக்திக்கு அப்பாற்பட்டதன்று.

விட விரும்புவோருக்கு வழியிருக்கிறது. தேசியப் புகையிலை கைவிடல் உதவி எண் 1800-11-2356 கட்டணமில்லாதது. மருத்துவரின் ஆலோசனையோடு நிகோட்டின் சூயிங்கம் போன்ற மாற்றுகளும் உண்டு. முதல் சில வாரங்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். அவை பலவீனத்தின் அடையாளமல்ல. உடல் விடுபடுவதன் அடையாளம். அந்த நாட்களில் பிள்ளையின் கோபத்தைப் பொறுத்துக்கொள்வதும் தாய், தந்தையின் இபாதத்தே.

அந்த மாணவர் இப்போது விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். இருமுறை விட்டு, மீண்டும் தொட்டார். மூன்றாம் முறையாக விட்டு ஏழு வாரங்கள் ஆகின்றன. மீண்டும் தொட்ட நாளன்று அவரே வந்து என்னிடம் சொன்னார். அவர் ஒளிக்காமல் வந்தாரே என்பதற்காக அன்றிரவு நான் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் மூச்சையும் அறிவையும் காப்பாயாக. எங்கள் வீடுகளை இரவின் நெருப்பிலிருந்தும், அவற்றிலுள்ளோரை மறுமையின் நெருப்பிலிருந்தும் காப்பாயாக. பிள்ளைகள் அஞ்சி ஒளியும் வீடுகளாக அன்றி, நாடி வரும் வீடுகளாக எங்கள் வீடுகளை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.